முப்பதாவது வாக்கு

எங்கள் மாநிலச் செனட் சபையில் அந்த செனட்டர் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கால்பந்து ஆட்ட முடிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். எந்த வருஷம், எந்த ஊரோடு மோதினார்கள், யார் ஜெயித்தது என்று வரிசையாக. கீழே பாதி நாற்காலிகள் காலி. இருந்தவர்களில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் கண்ணை மூடியிருந்தார். மேலே பார்வையாளர் மாடத்தில் நாங்கள் மூன்று பேர். நான், என் தங்கை டெல்ஃபினா, அவள் புருஷன் அன்செல்மோ. அன்செல்மோவின் காலடியில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் உருளை. மூக்கில் குழாய்.

"மச்சான், அந்த ஆளைப் பாத்தியா?" என்றான் அன்செல்மோ என் காதருகில். "காலையிலேர்ந்து நிறுத்தாம பேசுறான். என்னா நுரையீரல் பாரு. செத்தா எனக்கு எழுதி வைக்கச் சொல்லு."

"பேசாம உக்காருங்க," என்றாள் டெல்ஃபினா. "இருக்கிற காத்தையும் ஜோக் அடிச்சே தீத்துடுவீங்க."

"தீந்தா நீ ஊது."

அவள் சிரிக்கவில்லை. உருளையின் அளவு முள்ளைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே பார்த்தாள்.

அன்செல்மோவும் நானும் ஒரே கல் பட்டறையில் வேலை செய்தவர்கள். பணக்கார வீடுகளில் சமையலறை மேடைக்குப் போடும் பளபளப்பான செயற்கைக் கல். ஆளைவிடப் பெரிய ஸ்லாப்பாக வரும். அறுத்து, ஓரம் தேய்த்து, குழாய்க்கு ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி எழும்பாது. ஆனால் வேலை மெதுவாகும், தரை சேறாகும், குளிர்காலத்தில் உறைந்து வழுக்கும். அதனால் எங்களுக்கு எப்போதும் வறட்டு அறுப்புதான். சாயங்காலம் வெளியே வரும்போது மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் மாதிரி இருப்போம். வீட்டு வாசலில் சட்டையை உதறிவிட்டு உள்ளே போவோம். நெஞ்சுக்குள் போனதை உதற வழியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்செல்மோவுக்கு முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பூட்ஸ் கயிறு கட்டக் குனிய முடியவில்லை. நுரையீரலை மாற்றினால்தான் பிழைப்பான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செலவுக்கு யார் பொறுப்பு என்று காட்டினால்தான் காத்திருப்பவர்கள் வரிசையில் பெயரைச் சேர்ப்பார்களாம். பட்டறையின் காப்பீடு பொறுப்பேற்க வேண்டுமென்றால், அது வேலையால் வந்த நோய் என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் மாநிலச் சட்டம் விரல் அறுபட்டால் ஒப்புக்கொள்ளும். தூசியை ஒப்புக்கொள்ளாது.

அதை மாற்றத்தான் அந்த மசோதா. செனட்டர் நோவாட்னி என்ற அம்மாள் கொண்டுவந்தது. கீழ்ச்சபையில் நிறைவேறிவிட்டது. செனட்டிலும் அதற்கு ஆதரவு அதிகம். ஆனால் எங்கள் செனட்டில் ஒரு விதி உண்டு. பேச எழுந்தவரை யாரும் உட்கார வைக்க முடியாது; அவர் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். மசோதா நிறைவேற நாற்பத்தைந்து பேரில் இருபத்துமூன்று பேர் போதும். அதைப் பற்றிய பேச்சை நிறுத்தி ஓட்டெடுப்புக்கு வர மட்டும் முப்பது பேர் வேண்டும். கூட்டத்தொடர் அந்த வாரத்தோடு முடிகிறது. பேச்சு நிற்காவிட்டால் மசோதா பேச்சிலேயே செத்துவிடும். அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்செல்மோவுக்கு அடுத்த வருஷம் கிடையாது. டாக்டர் அதைச் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான்.

நோவாட்னி அம்மாள் எப்படியோ முப்பது பேரைச் சேர்த்துவிட்டார். முப்பதாவது ஆள் ஹால்வர்சன். வடக்கே கோதுமை போடுகிற கிழவர். நெடிய உருவம், பெரிய காதுகள், எந்தத் தலைவர் சொன்னாலும் தலையாட்டாதவர்.

அவரை எங்களுக்கு முன்பே தெரியும். சில வருஷங்களுக்கு முன் இன்னொரு மசோதா வந்தது. பட்டறை, பண்ணை, இறைச்சிக்கூடம் எங்கும் முதலாளி எல்லோருடைய குடியேற்றக் காகிதங்களையும் சோதித்து, இல்லாதவர்களை ஷெரீப் போலீசிடம் சொல்ல வேண்டும் என்று. நான் இங்கேயே பிறந்தவன், சர்க்கரை பீட்ரூட் வயலோரத்துக் கொட்டகையில். அன்செல்மோ எல்லை தாண்டி வந்தவன். காகிதம் கிடையாது. அந்த மசோதாவுக்கும் பெரும்பான்மை இருந்தது. பதினாறு பேர் மட்டும் பேச்சை நிறுத்த விடாமல் மாற்றி மாற்றிப் பேசியே அதைக் கொன்றார்கள். ஹால்வர்சன் தன் பங்குக்குக் கோதுமை விதை ரகங்களைப் பற்றிப் பொழுது சாயும்வரை பேசினார். எது துரு நோயைத் தாங்கும், எது தாங்காது என்று. இதே மாடத்தில் அன்செல்மோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல அவ்வளவையும் கேட்டான்.

அதனால்தான் முப்பதாவது ஆள் யாரென்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அந்தக் கோதுமைக் கிழவனா? அப்பக் கவலை இல்ல."

கால்பந்துக்காரர் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரத்தில் நோவாட்னி அம்மாள் எழுந்து, விவாதத்தை முடிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காலி நாற்காலிகள் நிறைந்தன. அவைச் செயலர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு 'ஆம்' வரும்போதும் டெல்ஃபினா விரலை மடக்கினாள். ஹால்வர்சன் பெயர் வந்தது. பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவர் எழுந்து நின்றார்.

"நான் செனட்டர் ஸ்டாடர்டோட ஜோடி போட்டிருக்கேன்," என்றார். "அவர் இங்க இருந்திருந்தா 'இல்லை'ன்னு சொல்லியிருப்பார். நான் 'ஆம்'னு சொல்லியிருப்பேன். நான் ஓட்டுப் போடல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பெயர்வரை கூப்பிட்டார்கள். ஆம் இருபத்தொன்பது. தீர்மானம் தோற்றது என்று அவைத்தலைவர் சுத்தியலைத் தட்டினார். கால்பந்துக்காரர் மறுபடி எழுந்து, விட்ட வருஷத்திலிருந்து தொடர்ந்தார்.

டெல்ஃபினா மடக்கிய விரல்களை விரிக்காமலே என்னைப் பார்த்தாள். "அண்ணே, என்ன ஆச்சு? அவரு நம்ம ஆளுதான?"

வெளியே தாழ்வாரத்தில் நோவாட்னி அம்மாள் எங்களைத் தேடி வந்தார். அழுதிருந்தார் என்று தெரிந்தது.

"ஜோடின்னா என்ன?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"பழைய பழக்கம்மா. ஒருத்தர் வீட்டுல நோய், சாவுன்னு வர முடியலைன்னா, எதிர்ப்பக்கத்துல ஒருத்தர் 'நீ போ, நானும் ஓட்டுப் போடல'ன்னு கை குடுப்பார். ஒரு 'ஆம்' குறையும், ஒரு 'இல்லை' குறையும். யாருக்கும் நஷ்டம் இல்ல. எழுத்து கிழுத்து ஒண்ணும் கிடையாது. கை குடுத்தா அவ்வளவுதான். ஸ்டாடர்ட் சம்சாரம் ஆஸ்பத்திரியில கடைசி நிலைமையில இருக்காங்க. போன வாரமே ஹால்வர்சன் கை குடுத்துட்டார்."

"யாருக்கும் நஷ்டம் இல்லைன்னா நாம ஏன் தோத்தோம்?"

அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார். "இந்த ஒரு ஓட்டுக்கு மட்டும் அது ஒத்து வராது. வந்தவங்கள்ல இத்தனைன்னு எண்ண மாட்டாங்க. தேர்ந்தெடுத்த மொத்தப் பேர்ல முப்பது வேணும். வராதவனும் 'இல்லை'தான், வாயைத் திறக்காதவனும் 'இல்லை'தான். ஸ்டாடர்ட் அங்க இருந்தபடியே 'இல்லை' சொல்லிட்டார். ஹால்வர்சன் இங்க உக்காந்தபடியே 'இல்லை' சொல்லிட்டார்."

"அது அந்தக் கிழவனுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. காலையில நான் கெஞ்சினேன். 'கை குடுத்துட்டேன் நோவாட்னி, என்னை என்ன செய்யச் சொல்ற'ன்னார். பேரைக் கூப்பிடறப்பவாவது மனசு மாறுவார்னு நினைச்சேன்."

அன்செல்மோ திரும்பினான். உருளையை இழுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தான். வண்டியில் வரும்போது வழி முழுக்க உழுது போட்ட கருப்பு நிலம்; எங்கேயும் முளை வந்திருக்கவில்லை. ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"அந்தக் கால்பந்து கடைசியில யாருதான் ஜெயிச்சான், மச்சான்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹால்வர்சன் வந்தார். அரை நாள் வண்டி ஓட்டி, தனியாக. கையில் துணியில் சுற்றிய காட்டுக்கோழி, இலையுதிர்காலத்தில் சுட்டு உறைய வைத்தது. எங்கள் பக்கத்தில் துக்கம் வந்த வீட்டுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். டெல்ஃபினா கதவைத் திறந்தாள். கோழியை வாங்கவில்லை. அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்து, உட்காரும்போது மடியில் வைத்துக்கொண்டார்.

"திட்டுறதுன்னா திட்டுங்க," என்றார் அன்செல்மோவிடம். "அதுக்குத்தான் வந்தேன்."

"திட்டுறதுக்கும் மூச்சு வேணுமே, செனட்டர்."

கிழவர் தலை குனிந்தார். கோழியிலிருந்து பனி உருகி அவர் கால்சட்டை நனைந்தது.

"அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன்," என்றார். "ஸ்டாடர்ட் 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கை ஃப்ரீ ஆயிருக்கும். நர்ஸ்தான் எடுத்தா. 'அவர் சம்சாரம் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், கூப்பிடட்டுமா'ன்னு கேட்டா. நான் வேண்டாம்னுட்டேன். அந்த நேரத்துல ஒரு மனுஷனை எழுப்பி ஓட்டைப் பத்திப் பேச எனக்கு வாய் வரல. சாயங்காலமே அந்தம்மா போயிட்டாங்க."

டெல்ஃபினா அடுப்பருகே போய் நின்றாள். பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

பட்டறையில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஸ்லாப்பை இரண்டு பேர் தூக்கி மேடையில் சாய்த்தபின் யாரும் சட்டென்று கையை எடுக்க மாட்டோம். ஒருவன் "விடவா?" என்று கேட்பான். எதிரில் இருப்பவன் "விடு" என்றால்தான் கை வரும். கேட்காமல் கையை எடுத்தவனோடு அப்புறம் யாரும் ஜோடி சேர மாட்டார்கள். அவனுக்கு வேறு பட்டறைதான்.

அன்செல்மோ அதைத்தான் சொன்னான், நடுவில் நிறுத்தி நிறுத்தி. "கையை விட்டவனை நாங்க மதிக்கிறதில்ல, செனட்டர். நீங்க விடல. அதுல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்தப் பக்க முனையில ஆளே இல்லையே. அவர் ஆஸ்பத்திரியில இருந்தார். நீங்க மட்டும் தனியா பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. பிடிச்சபடியே கொண்டுவந்து என் நெஞ்சு மேல வச்சுட்டீங்க."

ஹால்வர்சனின் பெரிய காதுகள் சிவந்தன. "அந்த விதியை மாத்துறேன்," என்றார். "ஜனவரியில முதல் வேலையா அதைத்தான் செய்யப் போறேன்."

"எதை மாத்துவீங்க? அந்த விதி இல்லாட்டி என்னை அன்னைக்கே அள்ளிக்கிட்டுப் போயிருப்பாங்க. நீங்க கோதுமையைப் பத்திப் பேசினப்ப நான் மேலதான் உக்காந்திருந்தேன். நீங்க பேசி முடிச்சதும் நானும் டெல்ஃபினாவும் இந்த வீட்டை எடுத்தோம். அதே விதிதான் என்னை இங்க இருக்க வச்சுது. இப்ப அதுவேதான் போகச் சொல்லுது."

"முழுசா எடுக்கல. எண்ணுற விதத்தை மட்டும். அவையில இருக்கிறவங்கள்ல மூணுல ரெண்டு பங்குன்னு. வராதவனை யார் பக்கமும் சேக்கக் கூடாது."

அன்செல்மோ கையை ஆட்டினான். செய் என்றா, போதும் என்றா, தெரியவில்லை. அவனுக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை.

கிழவர் எழுந்தபோது டெல்ஃபினா கதவருகில் நின்றாள். "கோழியை எடுத்துக்கிட்டுப் போங்க, ஐயா."

அவர் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கோடையில் அன்செல்மோவின் உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் தெரு, பிறகு வாசல், பிறகு கட்டில். வேலை முடிந்து நான் நேரே அங்கேதான் போவேன். வயசு ஏறின பிறகு நூலகத்து வகுப்பில் எழுத்து கற்றவன் நான். அன்செல்மோ செய்தித்தாளை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வான். நான் விரலை வைத்து வரி வரியாகப் போவேன். "அந்தக் கால்பந்துக்காரனே தேவல மச்சான், அவன் வேகமா வாசிச்சான்," என்பான். நானும் இருமுவேன், அவனும் இருமுவான். யாருடைய இருமல் எது என்று டெல்ஃபினா சமையலறையிலிருந்து தலையை நீட்டிப் பார்ப்பாள்.

அந்த நாட்களில் எனக்கு இரவில் அந்த வாக்கெடுப்பே திரும்பத் திரும்ப வரும். ஹால்வர்சன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பேன். கையை விட்டிருப்பேன் என்றுதான் முதலில் தோன்றும். பிறகு நர்ஸ் போனில் கேட்டது நினைவுக்கு வரும். அன்செல்மோவின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் டெல்ஃபினாவை யாராவது அப்படி எழுப்பிக் கூப்பிட்டால் நான் விடுவேனா என்று கேட்டுக்கொள்வேன். ஒரு முடிவுக்கும் வந்ததில்லை. இன்றுவரை வரவில்லை.

மக்காச்சோளம் அறுக்கிற சமயம் அது. ஒரு மத்தியானம் அவன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். உதடு நீலமாக இருந்தது. கண்ணில் மட்டும் பழைய குறும்பு.

"மச்சான்," என்றான். "விடவா?"

எனக்குப் புரிந்தது. புரியாததுபோலக் குனிந்து குழாயைச் சரி செய்தேன். தலையணையைத் தட்டினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு வார்த்தையை நான் பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவனிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வரவில்லை.

டெல்ஃபினா கட்டிலின் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க," என்றாள். "நான் பிடிச்சுக்கிறேன்."

அடக்கத்துக்கு ஹால்வர்சன் வந்தார். பின்னால், வண்டிகள் நிற்கும் இடத்திலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

டிசம்பரில் மருத்துவ வண்டி வந்து பட்டறை ஆட்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்தது. என் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள். நான் அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தமாலே என்ற சோளக் கொழுக்கட்டை செய்ய மாவு பிசைந்துகொண்டே அவளாகக் கேட்டாள்.

"படம் எடுத்தாங்களாமே. உனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"அவரும் முதல்ல ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னார்," என்றாள். பிசைவதை நிறுத்தவில்லை. மாவின் வெள்ளை முழங்கைவரை ஏறியிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் ஹால்வர்சன் போன் செய்தார். விதித் திருத்தம் ஓட்டெடுப்புக்கு வருகிறது. விதியை மாற்றுவதற்கும் பழைய கணக்குப்படி அதே முப்பது வேண்டும். அவரையும் சேர்த்து இருபத்தொன்பது இருக்கிறது. டெல்ஃபினா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் வந்து என்ன பேசணும், ஐயா?"

"பேச வேண்டாம்மா. மாடத்துல உக்காந்தாப் போதும். ஸ்டாடர்ட் இன்னும் முடிவு பண்ணல. அவர் உங்களைப் பாக்கணும்."

"என்னைக் காட்டி ஓட்டு வாங்கப் போறீங்க."

"ஆமாம்மா," என்றார்.

"ஒண்ணு கேக்குறேன். பனி கொட்டி ரோடு அடைச்ச ஒரு நாள்ல நமக்கு வேண்டியவங்க வர முடியாமப் போச்சுன்னு வைங்க. அன்னைக்குப் பாத்து அந்தக் காகித மசோதாவைத் திரும்பக் கொண்டுவந்தா? இருக்கிறவங்களை மட்டும் எண்ணினா அது நிறைவேறிடாதா? பட்டறையில பாதிப் பேருக்குக் காகிதம் இல்ல."

"நடக்கலாம். இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு நான் பனியில நடந்தாவது வந்து சேரணும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவள் போனை வைத்தாள். ரொம்ப நேரம் மேஜைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, "போவோம்," என்றாள். "எனக்கு அண்ணன் ஒருத்தன் இன்னும் மிச்சம் இருக்கான்."

தலைநகரத்துக்குப் போன அன்று பனி பெய்திருந்தது. கட்டடத்துக்குள் எல்லோருடைய பூட்ஸிலிருந்தும் உருகிய தண்ணீர் பளிங்குத் தரையில் பரவியிருந்தது. மாடத்துக்குப் போகும் படிக்கட்டில் ஓர் ஆள் எங்களுக்காகக் காத்திருந்தார். குட்டையானவர், நல்ல கோட்டு, முகம் சரியாக மழிக்கப்படவில்லை. கழுத்தருகில் ஒரு கொத்து முடி விட்டுப்போயிருந்தது. தனியாக இருக்கிற ஆண்பிள்ளையின் முகம் அது.

"நான்தான் ஸ்டாடர்ட்," என்றார் டெல்ஃபினாவிடம்.

அவள் தலையசைத்தாள்.

"அந்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டிருந்தா நான் 'சரி'ன்னு சொல்லியிருப்பேன். ஹால்வர்சனை விட்டிருப்பேன். அதைச் சொல்லணும்னுதான் நின்னேன். நான் வராததே ஒரு ஓட்டாப் போகும்னு எனக்கு அன்னைக்குத் தோணவே இல்ல. எங்க பழக்கத்துல ஜோடி போட்டா ரெண்டு பேரும் இல்லாத மாதிரின்னுதான் நினைப்பு."

டெல்ஃபினா ஒரு படி கீழே நின்றிருந்தாள். அண்ணாந்து அவரைப் பார்த்தாள். "அப்ப அவங்களுக்கு நினைவு இருந்துச்சா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "இருந்துச்சு," என்றார். "மதியம் வரைக்கும் இருந்துச்சு. நான் பேசினா கையை அழுத்துவா."

"நல்லது," என்றாள் டெல்ஃபினா.

எந்த மனசோடு அதைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொய் சொல்ல விரும்பலம்மா. உங்க மசோதா திரும்ப வந்தா நான் அதுக்கு 'இல்லை'ன்னுதான் சொல்வேன். என் தொகுதியிலயும் கல் பட்டறைங்க இருக்கு. சட்டம் வந்தா மூடிடுவோம்னு என்கிட்ட வந்து அழறாங்க. அங்கயும் வேலை செய்யற ஜனங்க இருக்காங்க."

"சொல்லுங்க," என்றாள் டெல்ஃபினா. "வந்து சொல்லுங்க. எங்க மூஞ்சியைப் பாத்து 'இல்லை'ன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். வராம இருந்து சொல்லாதீங்க."

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். கீழே மணி அடித்தது. எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அன்றைக்கு யாரும் கால்பந்து வாசிக்கவில்லை. ஒரு மணி நேரம்போலப் பேசினார்கள். பெரும்பான்மை இல்லாதவர்களுக்கு இருக்கும் ஒரே தடுப்புச் சுவர் இது, இன்று ஒரு கல்லை எடுப்பீர்கள், நாளைக்கு எல்லாவற்றையும் எடுப்பீர்கள் என்று ஓர் இளம் செனட்டர் சொன்னார். அவர் அந்தப் பதினாறு பேரில் ஒருவராக இருந்தவர். எங்கள் ஆட்களுக்காகத் தொண்டை வறளப் பேசியவர். அவர் சொன்னதும் தப்பாகப் படவில்லை எனக்கு. ஹால்வர்சன் எழுந்து கோதுமையைப் பற்றிப் பேசவில்லை, அன்செல்மோவைப் பற்றியும் பேசவில்லை. "போன வசந்தத்துல நான் இந்த நாற்காலியில உக்காந்து கையை மடியில வச்சுக்கிட்டேன்," என்று மட்டும் சொன்னார். "அது எவ்வளவு கனம்னு எனக்கு அன்னைக்குத் தெரியல." பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பெயர்களைக் கூப்பிட்டார்கள். டெல்ஃபினா இந்தத் தடவை விரல் மடக்கவில்லை. ஸ்டாடர்ட் பெயர் வந்தபோது அவர் மேலே பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பக்கத்தில் உருளை வைக்கிற இடத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அங்கே ஒன்றும் இல்லை.

"ஆம்," என்றார்.

முப்பது. சுத்தியல் தட்டியது. கீழே கை குலுக்கினார்கள், முதுகில் தட்டிக்கொண்டார்கள். நோவாட்னி அம்மாள் எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். அந்த இளம் செனட்டர் மட்டும் காகிதங்களை அடுக்கிக்கொண்டு யாரோடும் பேசாமல் வெளியேறினார்.

"முடிஞ்சுதா, அண்ணே?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"எண்ணுற விதம் மாறிடுச்சு."

"இப்படி எண்ணியிருந்தா அன்னைக்கு?"

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே எண்ணிப் பார்த்திருப்பாள். "ஸ்டாடர்ட் வரல. ஹால்வர்சன் எழுந்து வெளிய போயிருந்தா அவையில நாப்பத்துமூணு பேர். இருபத்தொம்பது போதும். நம்மகிட்ட இருபத்தொம்பது இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். மாடத்தின் கைப்பிடிச் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள், தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"மசோதா?"

"அது இனிமேதான் வரணும். திரும்ப முதல்லேர்ந்து. கீழ்ச்சபை, கமிட்டி, எல்லாம். வசந்தத்துக்குள்ள வரும்ங்கிறாங்க. அதுக்குள்ள பேசிப் பேசி இழுத்தாலும் இழுப்பாங்க."

வாசலில் ஹால்வர்சன் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றினார். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது. டெல்ஃபினா நின்றாள்.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க, ஐயா," என்றாள். "ரோடு வழுக்கும். மெதுவாப் போங்க."

வண்டியின் பின் இருக்கையில் உருளையைக் கட்டுகிற பட்டை இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. டெல்ஃபினாதான் ஓட்டினாள். ஊருக்கு வெளியே வந்ததும் வெள்ளை வயல்களைத் தவிர ஒன்றும் இல்லை. ஹீட்டரின் சூடு ஏறியதும் எனக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. வந்துகொண்டே இருந்தது.

அவள் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி என் முதுகில் தட்ட ஆரம்பித்தாள். தோள் எலும்புக்குக் கீழே, அன்செல்மோவுக்குத் தட்டுகிற அதே இடத்தில்.